பெரியப்பாவின் வெள்ளி ஆந்தை: விலை கேட்கப் போய் நான் பட்ட பாடு

பெரியப்பா போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது, சின்னச் சின்னப் பொருள்களை அண்ணனும் அக்காவும் நானும் பிரித்துக்கொண்டோம். என் கைக்கு வந்தது கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு வெள்ளி ஆந்தை. கண்ணாடிக் கண்கள். தலையைப் பின்னால் தள்ளினால் கீலில் மடிந்து திறக்கும், உள்ளே வெற்றிடம். குடும்பத்தில் எல்லோரும் அதைப் பொடி டப்பா என்றுதான் சொல்லி வந்தார்கள். பெரியப்பாவுக்குப் பொடிப் பழக்கமே கிடையாது. அது அவரிடம் எப்படி வந்தது என்று சொல்ல யாரும் மிச்சமில்லை. "முதலில் என்ன விலை போகும் என்று பார், ரொம்ப அதிகம் என்றால் மற்றதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்" என்றார் அண்ணன். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பல மாதம் போயிற்று, கணிசமான பணம் போயிற்று, கொஞ்ச நாள் அண்ணனோடு பேச்சும் நின்றுபோயிற்று. இந்த மாதிரி ஒரு விசித்திரப் பொருள் கைக்கு வந்தால் யாரிடம் எந்த வரிசையில் போக வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளி என்றதும் யாருக்கும் முதலில் தோன்றுவது வெள்ளி வாங்குகிறவரிடம் காட்டலாம் என்பதுதான். நானும் காட்டினேன். அவர் ஆந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தராசில் வைத்தார், ஒரு தொகை சொன்னார். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "முழுக்க வெள்ளியா, முலாமா என்று பார்த்துவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே, நான் வாயைத் திறப்பதற்குள் அடிப்பக்க ஓரத்தில் அரத்தை வைத்து ஓர் இழு இழுத்து, அந்த இடத்தில் ஒரு சொட்டு அமிலமும் விட்டுவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் யாரும் கீறாத பொருள். எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது. அவரைப் பொறுத்தவரை அவர் தப்பே செய்யவில்லை, உருக்கப் போகிற பொருளில் ஒரு கீறல் இருந்தால் என்ன? சேகரிப்பாளர் கண்ணில் அது நிரந்தரச் சேதம். பின்னால் ஏலக்காரர் அந்தக் கீறலுக்காகவே மதிப்பில் ஒரு பகுதியைக் குறைத்தார். எனவே பழைய பொருளை யார் கையில் கொடுப்பதற்கு முன்பும், "அரம், அமிலம், உரைகல் எதுவும் வேண்டாம், பார்த்து மட்டும் சொல்லுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் பொருள் உங்கள் பக்கத்து மேசையிலேயே இருக்கட்டும். தரம் தெரிய வேண்டுமென்றால் பொருளைச் சேதப்படுத்தாத எக்ஸ்ரே சோதனைக் கருவி இருக்கிறது. பெரும்பாலும் அதுகூடத் தேவைப்படாது, ஏனென்றால் பொருளே தன் தரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் அன்றைக்குப் புரிந்தது. எடைக்கு வாங்குகிறவர் சொல்வது உலோகத்தின் விலை, பொருளின் விலை அல்ல. அந்தத் தொகையையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், வீணாகாது. வெள்ளி விலை சரியாதவரை அதற்குக் கீழே போகாது என்று தெரிகிறதே.

அது என்ன பொருள் என்று தெரிந்தது தற்செயலாக. ஆந்தையைக் கவிழ்த்துப் பார்த்தால், அது நிற்கும் அடிப்பகுதி வழுவழுப்பாக இல்லை, அரம் போல வரிவரியாக இருந்தது. இத்தனை வருஷம் எல்லோரும் அதை வேலைப்பாடு என்றே நினைத்திருக்கிறோம். பொடி டப்பாவுக்கு எதற்கு வரி? தேடிப் பார்த்தபோது விடை கிடைத்தது: இது தீக்குச்சி வைக்கும் வெஸ்டா கேஸ், அந்த வரிகள் குச்சியை உரசுவதற்கு. இங்கிலாந்தில் 1820களின் கடைசியில் ஜான் வாக்கர் விற்ற உரசும் தீக்குச்சிக்குப் பிறகு, எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும் குச்சிகள் வந்தன. சட்டைப் பையில் ஒன்றோடொன்று உரசினாலே ஆபத்து. அதனால் இறுக மூடும் சின்ன உலோகப் பெட்டி அவசியமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது ஒரு மோகமாகவே வளர்ந்து, ஆந்தை, பன்றி, மண்டையோடு, வயலின், பூட்ஸ், புத்தகம், பயணப்பெட்டி என்று கண்ட உருவத்திலெல்லாம் செய்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு லைட்டர் பரவியதும், பெட்டியில் மட்டும் உரசும் பாதுகாப்புக் குச்சிகள் வழக்கமானதும், தேவை போய்விட்டது.

இந்த ஒரு தகவல் கிடைத்ததும் எல்லாமே மாறிவிட்டது. "பழைய வெள்ளி ஆந்தை டப்பா" என்று தேடினால் வரும் குப்பை வேறு, சரியான பெயரைப் போட்டுத் தேடினால் வரும் ஏலப் பதிவுகள் வேறு. அதனால் விலை கேட்பதற்கு முன் அது என்ன வேலைக்குச் செய்யப்பட்டது என்பதைக் கண்டுபிடிப்பதில் நேரம் செலவழியுங்கள். தேய்மானம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திறக்கிறது, துளை எதற்கு, வரி எதற்கு, தொங்கவிட வளையம் இருக்கிறதா, உள்ளே பொன்முலாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெஸ்டா கேஸ்களுக்கு உள்ளே பொன்முலாம் பூசியிருப்பது சகஜம், குச்சித் தலையிலிருக்கும் ரசாயனம் வெள்ளியைக் கறுக்க வைக்காமலிருக்க. என் ஆந்தையின் உள்ளே அந்த மஞ்சள் இன்னும் மூலைகளில் ஒட்டியிருந்தது.

அடுத்து, வெள்ளியின் தரத்தைச் சோதித்து அடிக்கும் முத்திரைகள். நகைக்காரர்கள் கண்ணில் சொருகிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினேன். இந்த விவகாரம் முழுவதிலும் செலவழித்த காசில் உருப்படியாகப் போனது அதுதான். போன் கேமராவும் உதவும், ஆனால் லென்ஸில் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்போதுதான் தேய்ந்த முத்திரை எழும்பி வரும். உள் விளிம்பில் வரிசையாக நான்கு குறிகள் இருந்தன. நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, அதாவது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் தரம். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாமில் சோதிக்கப்பட்டது. அந்த ஊரின் சோதனை அலுவலகம் 1773-இல் தொடங்கியதிலிருந்து நங்கூரம்தான் அதன் அடையாளம். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, செஸ்டருக்கு மூன்று கோதுமைக் கட்டும் வாளும். செஸ்டர் அலுவலகம் 1962-இல் மூடப்பட்டுவிட்டது. மூன்றாவது, செய்தவரின் பெயர் எழுத்துகள். நான்காவது ஆண்டைக் குறிக்கும் எழுத்து. அதில் சின்ன ஹெச் இருந்தது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எழுத்து மட்டும் ஆண்டைச் சொல்லாது. ஒவ்வோர் ஊரும் அகர வரிசையைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தியிருக்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றியிருக்கும் கேடயத்தின் வடிவமும் மாறும். பர்மிங்ஹாமில் 1875-இல் ஒரு சுற்று தொடங்கியது, 1900-இல் சாதாரணச் சின்ன எழுத்துகளில் அடுத்த சுற்று, 1925-இல் பெரிய எழுத்துகளில் இன்னொன்று. என் ஆந்தையின் ஹெச் நடுச் சுற்றைச் சேர்ந்தது. அப்படியானால் 1907. அந்தக் காலத்தில் அங்கே எழுத்து ஜூலையில்தான் மாறும், எனவே 1907-08 என்று சொல்வதே சரி. எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் அட்டவணையில் முதலில் கண்ணில் பட்ட ஹெச்சை எடுத்திருந்தால் இருபத்தைந்து வருஷம் தள்ளிப் போயிருக்கும். முத்திரை மாதிரியே தோன்றும் கேடயங்களுக்குள் எழுத்துகள் வரிசையாக இருந்து, சிங்கம் மட்டும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். வெள்ளி முலாம் பூசிய பொருள்களில் ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்துகளை இப்படித்தான் தனித்தனிக் கேடயத்தில் அடித்து, பார்க்கிறவரை மயக்குவார்கள்.

ஆந்தையின் முதுகில் கீலுக்குக் கீழே ஆர்.டி. என்று போட்டு ஓர் எண்ணும் இருந்தது. இது வடிவமைப்பைப் பதிவு செய்த எண். பிரிட்டனில் 1884-இல் ஒன்றிலிருந்து தொடங்கிய வரிசை இது. 1900 தொடங்கும்போது மூன்றரை லட்சத்தைத் தொட்டிருந்தது. என்னுடையது 3,60,000-க்குக் கொஞ்சம் மேல், ஆக 1900-இல் பதிவான வடிவம். பதிவு 1900, முத்திரை 1907 என்றதும் நான் போலி என்று பயந்து ஓர் இரவு தூங்கவில்லை. பயப்படத் தேவையே இல்லை. வடிவத்தை ஒருமுறை பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் அதே அச்சில் அடித்துக்கொண்டிருப்பார்கள். பதிவு எண்ணுக்கு முந்திய முத்திரை ஆண்டு இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இந்த வடிவமைப்புப் பதிவேடுகள் இப்போது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யார் பதிவு செய்தார் என்பதுவரை அங்கே தேட முடியும்.

போலியைப் பற்றிப் பிறகு ஒரு நிபுணர் சொல்லிக் கொடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உண்மையான பொருளில் மூடியிலும் சிங்கமும் ஆண்டு எழுத்தும் இருக்க வேண்டும், உடலில் இருக்கும் எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு பொருளை ஒட்டியிருக்கிறார்கள். முத்திரை அடிக்கப்பட்டதென்றால் விளிம்பு கூர்மையாக இருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் முத்திரையும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும், அதனால் விளிம்பு மழுங்கி, சுற்றிலும் ஊசிமுனைக் குழிகள் தெரியும், பொருளும் பெரும்பாலும் கனக்கும். சாதாரண வெஸ்டா கேஸில் புதிதாக எனாமல் படம் வரைந்து விலையேற்றுவது இன்னொரு பழைய தந்திரம். அப்புறம் அவர் ஆந்தையை வாய்க்கருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினார். ஆவி படிந்த ஒரு நொடியில், வலது கண்ணைச் சுற்றி மங்கலான ஒரு வளையம் தெரிந்து மறைந்தது. பற்றவைத்த தடம். யாரோ எப்போதோ அந்தக் கண்ணை மாற்றியிருக்கிறார்கள், ஈயப் பற்று வைத்து. வெறும் கண்ணால் நான் எத்தனையோ தடவை பார்த்தும் தெரியாதது மூச்சுக்காற்றில் தெரிந்துவிட்டது. இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், செலவில்லை, சேதமில்லை. அழித்த பெயரெழுத்து, ஒட்டுப் போட்ட கீல், அடைத்த ஓட்டை எல்லாம் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வரும்.

கறுத்திருக்கிறதே, பளபளவென்று ஆக்கிக் கொண்டுபோனால் கூட விலை கிடைக்குமே என்று அக்கா சொன்னார். அன்போடு சொன்னதுதான், அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் வைத்துச் செய்யும் முறையைக்கூட அனுப்பினார். நல்லவேளை செய்யவில்லை. இறகுகளின் இடுக்கில் இருக்கும் கறுப்புதான் செதுக்கலை எடுத்துக் காட்டுகிறது. அந்தக் குளியல் அதையும் சேர்த்துக் கழுவிவிடும். உள்ளீடற்ற உருவம் என்பதால் தண்ணீர் மூட்டுவாய் வழியாக உள்ளே போய்த் தங்கும், கண்ணாடிக் கண்ணின் பிசின் இளகும். துடைக்கத் துடைக்க முத்திரையும் கரையும். முத்திரை தேய்ந்த பொருளை யாரும் நம்பிக் கேட்க மாட்டார்கள். மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்துங்கள். ரப்பர் பேண்ட் போட்டுச் செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள். ரப்பரிலிருக்கும் கந்தகம் வெள்ளியில் கோடு கோடாக ஏறி நிற்கும்.

பணம் அதிகம் போன இடம் இணையவழி மதிப்பீடு. புகைப்படம் அனுப்பினால் சான்றிதழோடு மதிப்புச் சொல்வோம் என்றார்கள். கட்டணம் என் சம்பளத்தில் ஒரு நல்ல பகுதி. காத்திருந்து வந்த தாளில், "1880 முதல் 1920 வரை, வெள்ளி, அலங்காரப் பெட்டி" என்று இருந்தது. மதிப்பு என்று போட்ட இரண்டு எண்களில் மேலே இருந்தது கீழே இருந்ததைப் போல ஐந்து மடங்கு. முத்திரையை நான் தெளிவாகப் படமெடுத்து அனுப்பியும் அவர்கள் அதைப் படிக்கவே இல்லை. ஏமாந்த எரிச்சலைவிட, அந்தத் தாளின் மேல் எண்ணை அண்ணன் பார்த்துவிட்டதுதான் பெரிய தொல்லையாயிற்று. அதே வாரம் அவர் இணையத்தில் ஏதோ ஓர் ஆந்தைக்கு யாரோ போட்டிருந்த விலையையும் பார்த்திருக்கிறார். "இவ்வளவு போகும் பொருளை ஒன்றும் பெறாது என்று சொல்கிறாயா?" என்று கேட்டார். நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. பெரியப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார், எனக்கு அழுகைதான் வந்தது.

அப்போது எனக்கு விளக்கத் தெரியவில்லை, இப்போது தெரியும். விற்கிறவர் ஒட்டியிருக்கும் விலை அவருடைய ஆசை, விற்று முடிந்த விலைதான் சாட்சி. ஏல நிறுவனங்கள் பல தங்கள் பழைய முடிவுகளை வெளியே வைக்கின்றன. அதில் அதே வகை, அதே நிலைமை, அண்மைக் காலம் என்று நாலைந்து முடிவைச் சேர்த்து வைத்துக்கொண்டால் எந்தச் சான்றிதழும் வேண்டாம். இன்னொரு விஷயம், ஒரே பொருளுக்கு ஒரே நாளில் பல மதிப்பு உண்டு. உருக்கினால் ஒன்று, வியாபாரி உங்களிடம் வாங்கினால் ஒன்று, ஏலத்தில் ஒன்று, கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று, தொலைந்தால் மாற்று வாங்கக் காப்பீட்டுக்கு எழுதுவது ஒன்று. காப்பீட்டு மதிப்புதான் பொதுவாக எல்லாவற்றிலும் உயரம். எங்கள் தாளில் இருந்தது அதுதான். சொத்து பிரிப்பதற்கு அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சண்டைதான் வரும். மதிப்பீட்டாளரிடம் போகும்போதே "எதற்காக மதிப்பு" என்பதைச் சொல்லி, எழுத்தில் அந்தக் காரணத்தையும் போட்டு வாங்குங்கள். மதிப்பு சொல்கிறவரே வாங்குகிறேன் என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். எனக்கு அப்படியும் ஒருவர் வாய்த்தார். "வேறு யாரிடமும் காட்ட வேண்டாம், இன்றைக்கே பணம்" என்றார். எடைக்காரர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு சொன்னார், கேட்கத் தாராளமாகத்தான் இருந்தது. அருங்காட்சியகத்துக்கு எழுதியும் கேட்டேன். அவர்கள் பொருளைப் பற்றிப் பேசுவார்கள், விலையைப் பற்றிப் பேச மாட்டார்கள், அது அவர்களுடைய விதி.

கடைசியில் போய்ச் சேர்ந்தது, வெள்ளிக்கென்று தனி நிபுணர் வைத்திருக்கும் ஓர் ஏல நிறுவனத்தில். ஊதிப் பார்த்தவர் அவர்தான். கட்டணம் ஏதும் வாங்காமல், பொருளை வாங்கும் எண்ணமும் இல்லாமல் அரை மணி நேரம் ஒதுக்கினார். நான் முத்திரைகளின் படம், பதிவு எண், நீளம், எடை, நான் சேர்த்து வைத்த ஏல முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் பேச்சே மாறியது என்று எனக்குத் தோன்றியது. வெஸ்டா கேஸ் சேர்ப்பவர் கேட்பார், ஆந்தை உருவம் சேர்ப்பவரும் கேட்பார், இரண்டு கூட்டம் மோதினால் விலை ஏறும் என்றார். கீல் இறுக்கமாக இருப்பது, முத்திரை தெளிவாக இருப்பது, பெயரெழுத்து அழிக்கப்படாதது எல்லாம் சாதகம். மாற்றிய கண், அரக் கீறல் இரண்டும் பாதகம். "கண்ணைச் சரிசெய்து தரட்டுமா?" என்று கேட்டதற்கு, "தொடாதீர்கள், இருப்பதை அப்படியே பட்டியலில் எழுதிவிடுவோம்" என்றார். மறைத்து விற்றால் வாங்கியவர் திருப்பித் தருவார், சொல்லி விற்றால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை சில. விற்பவரிடம் எத்தனை சதவீதம் கழிப்பார்கள், படம் எடுக்கவும் காப்பீட்டுக்கும் தனியாக உண்டா, பொருள் விலை போகாவிட்டால் கட்டணம் உண்டா, இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று குறைந்தபட்ச விலை வைக்க முடியுமா. வாங்குகிறவரிடமும் மேலே ஒரு சதவீதம் தனியாக வாங்குவார்கள். அதனால் பத்திரிகையிலோ இணையத்திலோ நாம் பார்க்கும் ஏல விலையில் அதைச் சேர்த்திருக்கிறார்களா இல்லையா என்று பார்த்தாக வேண்டும். அதைக் கவனிக்காததால்தான் அண்ணனுக்கும் எனக்கும் கணக்கு ஒத்துப்போகாமல் இருந்தது. இந்தத் தடவை ஒப்பந்தத்தை அவருக்கும் அக்காவுக்கும் அனுப்பி, இருவரும் பார்த்தேன் என்று பதில் போட்ட பிறகே கையெழுத்திட்டேன்.

ஆந்தை எடை விலையைப் போல ஒன்பது மடங்குக்கு விலை போனது. அண்ணன் பார்த்த எண்ணில் அது பாதிகூட இல்லை. கழிவெல்லாம் போக வந்ததில், லென்ஸ், இணையச் சான்றிதழ், போக்குவரத்து என்று நான் செலவழித்ததை அக்கா வற்புறுத்தி முதலில் எடுக்க வைத்தார். மிச்சம் மூன்று பங்கு. வாங்கியவர் பணம் கட்டி, நிறுவனம் கணக்கு முடித்து, எங்கள் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒப்பந்தத்திலேயே அந்தத் தவணை எழுதியிருந்ததால், அண்ணன் இந்த முறை ஒரு தடவைகூடப் போன் போட்டுக் கேட்கவில்லை.